"விளங்கினதோ?" எண்டு கேட்டால் "ஓம்" எண்டுதான் வரும்: சலரோகக்காரருக்கு உதவப் போகிறவர்களுக்கு

கிளினிக்கில் ஒரு சலரோகக்காரருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் மூன்று வசனம்தான். சீனியைக் குறையுங்கோ, நடவுங்கோ, குளுசையை ஒழுங்காப் போடுங்கோ. மூன்றும் சரி. ஆனால் எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு குறைப்பது, ஒழுங்கு என்றால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, விடியவே வயலில் இறங்கிப் பொழுதுபடும் மட்டும் நிற்பவர் இதற்கு மேல் எங்கே நடப்பது என்பதொன்றும் அதில் இல்லை. சொன்னதற்கும் வீட்டில் செய்வதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்புவதைத்தான் சுகாதார அறிவுக்கான உதவி என்கிறோம்.

எழுத வாசிக்கத் தெரிந்தால் மட்டும் இந்த அறிவு வந்துவிடாது. உயர்தரம் படித்தவரே, இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 9 என்று கூடி வந்த அறிக்கையைப் பார்த்து, ஒற்றை இலக்கம்தானே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவதுண்டு. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஆச்சி, எந்தக் குளுசை எதற்கு, தலை சுற்றினால் முதலில் என்ன செய்வது என்று கச்சிதமாக வைத்திருப்பதும் உண்டு. தகவல் கையில் கிடைக்க வேண்டும், விளங்க வேண்டும், தன் நிலைமைக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும், பிறகு செய்ய வேண்டும். வன்னியில் இந்தச் சங்கிலியில் பெரும்பாலும் அறுந்து போவது கடைசிக் கண்ணிதான். மகள், பேரப்பிள்ளை, அயலவர், மாதர் சங்கத்து அக்கா என்று யாராவது ஒருவர் பக்கத்திலிருந்தால் அதை இணைக்கலாம்.

இரவு சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் ஏன் கூட?

உதவப் போகிறவர் வருத்தத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். இரண்டாம் வகைச் சலரோகத்தில் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் தசையும் ஈரலும் அதன் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஈடுகட்ட அதிகம் சுரந்து சுரந்து, வருடக்கணக்கில் கணையமும் களைத்துப் போகிறது. ஈரல் இரவிலும் இரத்தத்துக்குச் சீனியை விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் அதை அடக்காவிட்டால், இரவு ஒன்றும் சாப்பிடாதவருக்கும் காலையில் அளவு கூடித்தான் இருக்கும். "ராத்திரி பட்டினி கிடந்தனான், எண்டாலும் கூட எண்டு சொல்லுறாங்கள்" என்று மிஷினைச் சந்தேகிப்பவர்களுக்கு இதுதான் பதில். சலரோகக் குளுசையான மெற்ஃபோமின் முக்கியமாக வேலை செய்யும் இடமும் இந்த ஈரல்தான்.

இன்னொன்று: இரத்தத்தில் சீனி (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்) ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் போகத் தொடங்கும். அடிக்கடி சலம் போதல், தாகம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. 150, 160இல் வருடக்கணக்கில் இருப்பவருக்கு ஒரு குறியும் தெரியாது. கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் அதற்குள் மெதுவாகப் பழுதாகும். ஆகவே "எனக்கொரு வருத்தமும் தெரியேல்லை" என்பதை நல்ல செய்தியாக எடுக்கக்கூடாது.

கொப்பியிலுள்ள இலக்கங்கள்

கிளினிக் கொப்பியில் மூன்று வகை இலக்கம் வரும். மூன்றும் கலந்துபோவதால்தான் பாதிக் குழப்பம்.

வெறுவயிற்றில் எடுக்கும் இரத்தம் எப்.பி.எஸ். 126 அல்லது அதற்கு மேல் இன்னொரு நாளும் வந்தால் சலரோகம் என்று உறுதி. வருத்தம் உள்ளவருக்குப் பொதுவான இலக்கு 80 முதல் 130 வரை. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் எடுப்பது பி.பி.பி.எஸ். அது 180க்குள் நிற்பது நல்லது. சில ஆய்வுகூடங்கள் இதையே 7.0, 10.0 என்று வேறு அலகில் தரும். அந்த எண்ணை 18 ஆல் பெருக்கினால் பழக்கமான எண் வரும்: 7.0 என்றால் 126.

மூன்றாவது எச்.பி.ஏ.1சி. சிவப்பணுவில் ஒட்டிய சீனியை அளப்பது இது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி இதில் தெரியும். அளவு சதவீதத்தில் வரும். 6 என்றால் சராசரி 126, 7 என்றால் 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. பலருக்கும் இலக்கு 7க்குள். வயது போனவர், தனியே இருப்பவர், அடிக்கடி சீனி இறங்குபவர் என்றால் 8 வரையும் வைத்தியர் விடுவார். கிளினிக்குக்கு இரண்டு நாள் முந்தி மட்டும் பத்தியம் பிடித்தால் எப்.பி.எஸ் அழகாக வரும், எச்.பி.ஏ.1சி காட்டிக் கொடுத்துவிடும். இரத்தச்சோகை, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களிடம் மட்டும் இந்த எண் முன்பின்னாகப் பிழைக்கும், அதை வைத்தியரிடம் நினைவூட்ட வேண்டும்.

வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் வெட்டிய விரலில் குத்தினால் 250 காட்டும், அது விரலில் இருந்த சீனி. ஸ்ட்ரிப் போத்தலின் மூடியைத் திறந்தபடி விட்டால் காற்றின் ஈரத்தில் பழுதாகும்.

கிளினிக் காலை

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களிலிருந்து விடியக்காலை பஸ்ஸைப் பிடித்து வருபவருக்கு, வெறுவயிறு என்பது முதல்நாள் இரவு ஏழு மணியில் தொடங்கி அடுத்த நாள் பதினொரு மணி வரை நீள்வதும் உண்டு. தேவைப்படுவது எட்டு முதல் பத்து மணி நேரம்தான். எனவே தூரத்திலிருந்து வருபவர் இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் பிந்திச் சாப்பிடலாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். பிளேன்ரீ கூடாது, சீனி போடாவிட்டாலும்.

இங்கே இரண்டு எதிரெதிர்ப் பிழைகள் நடக்கும். ஒருவர் வழக்கம்போல, சீனியை இறக்கும் கிளிக்ளசைட் குளுசையையோ இன்சுலினையோ காலையிலேயே எடுத்துவிட்டு வெறுவயிற்றில் பஸ் ஏறுவார், வரிசையில் நிற்கும்போது வியர்த்து விழுவார். இன்னொருவர் இரத்தம் எடுக்கிற நாள் என்று குளுசையையே வீட்டில் விட்டுவிட்டு வந்து, அன்றைய காலை மருந்தை முழுவதும் தவறவிடுவார். சரியான முறை: மருந்தையும் சாப்பாட்டையும் பையில் கொண்டு வருவது, இரத்தம் கொடுத்த கையோடு இரண்டையும் எடுப்பது. கொப்பி, மிச்சக் குளுசை, வெறும் உறைகள், பழைய அறிக்கைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மிச்சக் குளுசையை எண்ணினால் என்ன நடக்கிறது என்று தெரியும். எண்ணும்போது ஏசக்கூடாது. ஒருக்கால் ஏச்சு வாங்கியவர் அடுத்தமுறை மிச்சத்தைக் கிணற்றடியில் கொட்டிவிட்டுத்தான் வருவார்.

குளுசை உறை

மருந்து கொடுக்கும் இடத்தில் சின்ன உறையில் எழுதித் தருவார்கள். பி.டி என்றால் காலையும் இரவும், ரி.டி.எஸ் என்றால் மூன்று வேளை, மேனே காலை, நொக்டே இரவு. இதை வாசிக்க முடியாதவருக்கு உறையிலேயே பேனாவால் சூரியன், உச்சிச் சூரியன், பிறை என்று கீறுங்கள். படத்துக்குப் பக்கத்தில் எத்தனை குளுசையோ அத்தனை வட்டம். சாப்பாட்டுக்கு முன் என்றால் வட்டத்துக்குப் பிறகு ஒரு கோப்பை, பின் என்றால் கோப்பைக்குப் பிறகு வட்டம். கீறியதை வீட்டுக்காரரே வாசித்துக் காட்ட வேண்டும். உங்களுக்கு விளங்கும் படம் அவருக்கு விளங்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

மெற்ஃபோமின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடன். வெறுவயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றாலை போகும், ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவார். வைத்தியர் பெரும்பாலும் 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவதும் இதனால்தான், இரண்டு மூன்று கிழமையில் வயிறு பழகிவிடும். கிளிக்ளசைட் வேறு மாதிரி, அது சாப்பாட்டுக்குச் சற்று முன். போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும். சாப்பாடு இல்லாவிட்டால் அந்த வேளைக் குளுசையும் இல்லை. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடக்கூடாது.

அடிக்கடி கவனிக்காமல் விடும் பிழை ஒன்று இருக்கிறது. மருந்து வரும் கம்பெனி மாறும்போது குளுசையின் அளவும் வடிவமும் மாறும். ஆள் அதைப் புது மருந்து என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போடுவார். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் பலர் வெளிப் பார்மசியில் வாங்கப் பழகினார்கள், அங்கே ஒரே மெற்ஃபோமின் பல வியாபாரப் பெயர்களில் கிடைக்கும். வீட்டிலுள்ள எல்லா உறையையும் மேசையில் கொட்டி, கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

"கனகாலம் போட்டால் கிட்னி போயிடும்"

இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளக்கூடாது. வவுனியாவின் சில பகுதிகளிலும் அயலிலும் காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக வருத்தம் கமக்காரரிடையே இருக்கிறது. அயல்வீட்டில் ஒருவர் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருவதைப் பார்ப்பவர் பயப்படத்தான் செய்வார். ஆனால் மெற்ஃபோமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. கூடிய சீனியும் கூடிய பிறசரும்தான் பழுதாக்குகின்றன. வேறு காரணத்தால் சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமாகியிருந்தால் மெற்ஃபோமினின் அளவைக் குறைக்க அல்லது நிறுத்த வேண்டிவரும், இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் கதை மாறிப் பரவுகிறது. ஆகவே பயத்துக்கு மருந்தை நிறுத்துவதல்ல வழி. வருடம் ஒருமுறையாவது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்தக் கிரியற்றினினும் சிறுநீர் அல்புமினும் பார்த்தார்களா என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். பார்க்கவில்லை என்றால் கேளுங்கள். நாரி நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்லோஃபெனாக் போன்ற நோக் குளுசைகள் உண்மையிலேயே சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை.

வாந்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் வந்து தண்ணீர் வற்றும் நாட்களில் மட்டும் மெற்ஃபோமினை நிறுத்தி வைத்து அன்றே ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டும். இன்சுலின் போடுபவர் அதைத் தன்பாட்டில் முழுதாக நிறுத்தக்கூடாது. காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறும்.

சுண்டுக் கணக்கு

"சோத்தைக் குறையுங்கோ" என்பதை அளவாக மாற்ற எளிய இடம் கோப்பை அல்ல, அரிசிப் பானை. ஒரு சுண்டு சமைக்காத அரிசி ஏறத்தாழ 200 முதல் 250 கிராம். அதில் 150 கிராமுக்கு மேல் மாப்பொருள், அவ்வளவும் சீனியாகத்தான் இரத்தத்துக்குப் போகும். ஒரு வேளைக்கு ஆளுக்குக் கால் சுண்டு அரிசி என்று தொடங்கலாம். நாலு பேருக்கு ஒரு சுண்டு. பாரமான வேலை செய்பவருக்கு இது காணாது, அவருக்குக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். மிச்ச இடத்தை முருங்கையிலை, பொன்னாங்காணி, வெண்டி, பயிற்றங்காய், கத்தரி நிரப்பட்டும். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு. கிழங்குக் கறி மரக்கறிக் கணக்கில் வராது, அது சோற்றுக் கணக்கு. மரவள்ளியும் அப்படியே.

குரக்கன் புட்டு நல்லதுதான், ஆனால் இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் அரிசிமாப் புட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பனங்கட்டி சீனி இல்லை என்று சொல்பவர்களிடம் வாதாட வேண்டாம், ஒரு துண்டு சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் விரலில் குத்திக் காட்டுங்கள். தேத்தண்ணியை எண்ணிப் பாருங்கள்: ஒரு தேக்கரண்டி சீனி 4 முதல் 5 கிராம், ஒரு பேணிக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் 60 முதல் 75 கிராம் வரும். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நடக்காது. கிழமைக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு கண்டுபிடிக்காது.

பாவற்காய்ச் சாறும் வெந்தயமும் குடிப்பதைத் தடுக்கத் தேவையில்லை. அவற்றை நம்பிக் குளுசையை விடுவதுதான் பிரச்சினை.

சீனி இறங்கினால்

70க்குக் கீழே இறங்குவது சில நிமிடத்தில் ஆளை விழுத்தவும் கூடும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, நெஞ்சுப் படபடப்பு, பிறகு பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம். வெயிலில் வேலை செய்பவரிடம் இதை வெக்கை என்று நினைப்பார்கள், பின்னேரம் என்றால் குடிவெறி என்று நினைத்து விட்டுவிட்டும் போவார்கள். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் குளுசைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத்தான் ஆபத்து. தனி மெற்ஃபோமினால் இது பெரும்பாலும் வராது.

உடனே கொடுக்க வேண்டியது அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று நான்கு தேக்கரண்டி சீனி. பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் அதே அளவு. தெளிந்ததும் பாண், பிஸ்கட், சோறு என்று ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் இறங்கும். பால், சொக்லேட் வேலைக்காகாது, கொழுப்பு சீனியைத் தாமதிக்கும். குளுசையால் இறங்கியது என்றால் தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள், அந்தக் குளுசை மணிக்கணக்கில் உடம்பில் நிற்கும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வன்னிக்கென்று ஒரு பொறி இதில் இருக்கிறது. வேலை குறைந்த மாதங்களில் சரியாக இருந்த மருந்தளவு, காலபோக அரிவு வெட்டு தொடங்கியதும் கூடிப்போகும். நாள் முழுக்க வேலை, சாப்பாடு பிந்துகிறது, குளுசை மட்டும் அதே. வேலை தொடங்குவதற்கு முந்தைய கிளினிக்கிலேயே இதைச் சொல்லி அளவு கேட்க வேண்டும். கந்தசஷ்டி, நோன்பு என்று நீண்ட விரதம் வந்தாலும் இதேதான்: விரதம் தொடங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை. வெறுவயிற்றில் கள்ளோ சாராயமோ குடித்தாலும் சீனி இறங்கும்.

பிறிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின்

திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. உறைந்து இளகியது பார்க்க நன்றாக இருந்தாலும் எறிய வேண்டியதுதான். பாவனையில் உள்ள போத்தலை வெக்கை படாத இடத்தில் நாலு கிழமை வரை வைத்துப் பாவிக்கலாம், திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். பிறிட்ஜ் இல்லையென்றால் பெரிய மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சிறு முட்டி, முட்டிக்குள் மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவில் இன்சுலின், மேலே ஈரச்சாக்கு. நிழலான, காற்றோட்டமான இடம் தேவை. தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிரும் என்பதால் சோழகம் வீசும் வறண்ட மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். பானையைக் காற்றில்லாத மூலையில் வைத்தால் வெறும் ஈரப்பானைதான். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மட்டும் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

பால் நிறக் கலவை இன்சுலினை உள்ளங்கைக்குள் மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக்கூடாது. கலக்காமல் எடுத்தால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். சிரிஞ்சையும் பாருங்கள்: 100 யூனிட் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு 2 யூனிட், 50 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு 1 யூனிட். கோட்டை எண்ணிப் பழகியவர் சிரிஞ்ச் மாறினால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ போடுவார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தடித்துப்போகும், அங்கே மருந்து சரியாக உறிஞ்சாது.

விளங்கியதா என்று எப்படிப் பார்ப்பது?

"விளங்கினதோ அம்மா?" என்று கேட்டால் மரியாதைக்காகவாவது "ஓம்" வரும். அதற்குப் பதிலாக, "நான் வடிவாச் சொன்னனோ எண்டு பாக்கத்தான் கேக்கிறன், வீட்டை போய் மகளுக்கு இதை எப்பிடிச் சொல்லுவியள்? சொல்லுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். பிழையாகச் சொன்னால் பிழை உங்கள் விளக்கத்தில். வேறு விதமாகச் சொல்லி, திரும்பவும் சொல்ல வையுங்கள். சிரிஞ்ச், குளுக்கோமீற்றர் என்றால் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு விடயம், கூடினால் மூன்று. இன்றைக்கு மெற்ஃபோமின் எப்போது, சீனி இறங்கினால் என்ன என்பது போதும். கால், கண் எல்லாம் அடுத்த கிழமை. மருந்தளவை மட்டும் நீங்கள் மாற்றிச் சொல்லாதீர்கள். சந்தேகத்தைக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கேள்வியாக எழுதி, கிளினிக்கில் மிஸியிடமோ டொக்டரிடமோ நீட்டச் சொல்லுங்கள்.

கால்

நரம்பு மரத்த கால் முள்ளையும் சூட்டையும் அறியாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலோடு சுடுமணலில் நடந்துவிட்டு, உள்ளங்கால் கொப்பளித்திருப்பதை இரவில்தான் பார்ப்பவர்கள் உண்டு. வெயில் ஏறுமுன் அல்லது பொழுதுபட்ட பிறகு போகலாம், தடித்த காலுறை போடலாம். வயலுக்குப் பூட்ஸ், போடுமுன் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். இரவில் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, போனின் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்கட்டும். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கலாம். வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் வேண்டாம்.

போரில் ஒரு காலை இழந்தவருக்குச் சலரோகமும் வந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: முழுப்பாரத்தையும் தாங்கும் மற்றக் கால், பொய்க்கால் பொருந்தும் முனை. முனையில் சிவப்போ உரசலோ கண்டால் ஆறும் வரை பொய்க்காலைக் கழற்றி வைத்து, மாட்டும் இடத்தைத் திருத்துவிக்க வேண்டும். அதுவரை ஊன்றுகோலோடு நிற்பது சலிப்புத்தான்.

காயம் வந்தால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிச் சுத்தமான துணியால் மூடி, அன்றோ அடுத்த நாளோ காட்டுங்கள். மண்ணெண்ணெய், புகையிலை, பற்பசை எதுவும் வேண்டாம். சிவந்து வீங்கினால், மணத்தால், சீழ் தெரிந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே. நோகவில்லை என்பதற்காக மாதக் கிளினிக் திகதி வரை வைத்திருக்க வேண்டாம். வெளிநோயாளர் பிரிவில் "காலிலை காயம், சலரோகமும் இருக்கு" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.